பொலிவர் ரோட்ஸ் வழியாக ஹூஸ்டனுக்கு

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஹூஸ்டன் கடலோரத் துறைமுகம் இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் கப்பல், கால்வெஸ்டன் தீவுக்கும் பொலிவர் தீபகற்பத்துக்கும் நடுவே இருக்கும் பொலிவர் ரோட்ஸ் நீரிணையில் நுழைந்து, கால்வெஸ்டன் விரிகுடாவைக் கடந்து, சுமார் 52 மைல் நீளக் கால்வாயில் உள்ளே போக வேண்டும். 1900 செப்டம்பரில் வந்த புயல் அந்தத் தீவிலிருந்த துறைமுக நகரான கால்வெஸ்டனைச் சின்னாபின்னமாக்கியது. உள்நாட்டில் ஒரு துறைமுகம் வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. 1914இல் ஆழப்படுத்திய கால்வாய் திறந்தது. நான் தர்ட் ஆபீசராக (மூன்றாம் நிலைக் கப்பல் அதிகாரி) ரசாயனம் ஏற்றும் ஒரு கெமிக்கல் டேங்கரில் அந்த வழியே போனேன். முதல்முறை போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வேலை நங்கூரமிடும் இடத்துக்கு வரும் முன்பே தொடங்கிவிடும். வருகை அறிவிப்பு 96 மணி நேரத்துக்கு முன்பே அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குப் போயிருக்க வேண்டும். நுழைவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் சுக்கான் இயந்திரம், எஞ்சின் பின்னோக்கி ஓடுவது போன்றவற்றைச் சோதித்து லாக்புக்கில் எழுத வேண்டும். உள்ளூர் நீர்வழி தெரிந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் வெளிக்கடலிலேயே ஏறிவிடுவார். குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் போக்குவரத்தே நின்றுவிடும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நீரிணையில் கண்ணை எடுக்கவே முடியாது. இரண்டு கரைக்கும் நடுவே ஃபெர்ரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். உள்நாட்டு நீர்வழியில் வரும் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) வரிசைகள் குறுக்கே கடக்கும். விஎச்எஃப் ரேடியோவின் 13ஆம் சேனலில் பைலட்டுகள் ஓயாமல் பேசிக்கொள்வார்கள்.

அதையும் தாண்டினால் வருவதுதான் 'டெக்சாஸ் சிக்கன்': எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள் கடைசிவரை விலகாமல் நெருங்கும் முறை. நாங்கள் போனபோது விரிகுடாவுக்குள் கால்வாயின் அகலம் 530 அடி. அதற்கு வெளியே பெரும்பாலும் பத்தடி ஆழம்கூட இல்லை. எதிரே ஒரு கப்பல் நேராக எங்கள் மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. பைலட் விலகச் சொல்லவில்லை. முன்கூட்டியே ஓரம் போனால் கரைப்பக்கத் தண்ணீர் பின்பகுதியை இழுத்து, முன்பகுதியை எதிர்க் கப்பல் பக்கம் திருப்பிவிடும். அதனால் இருவரும் நடுவிலேயே வந்து, அரை மைல் அளவுக்கு நெருங்கியதும்தான் அவரவர் வலப்பக்கம் ஒதுங்குவார்கள். இரண்டு கப்பலின் முன்னலைகளும் ஒன்றையொன்று தள்ளிவிடும். எதிர்க் கப்பல் கடந்து முடியும்போது பின்பகுதிகளுக்கு இடையே உண்டாகும் இழுவிசை நம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். தண்ணீரின் விசையையே கருவியாக்கும் அந்தப் பைலட்டுகளின் கைத்திறனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த நேரத்தில் நம் வேலை ஒன்றுதான். பைலட் சொன்னதை சுக்கான் பிடிக்கும் ஹெல்ம்ஸ்மேன் உரக்கத் திருப்பிச் சொல்கிறாரா, சுக்கான் அதே பக்கம் திரும்புகிறதா என்று சுக்கான் காட்டியைப் பார்த்து உறுதிசெய்வது. அன்று சுக்கான் பிடித்த எங்கள் ஏபி (தேர்ந்த மாலுமி) அண்ணன் தூத்துக்குடிக்காரர். வியர்வையைக்கூடத் துடைக்காமல் ஒவ்வொரு கட்டளையையும் நிதானமாகச் சொல்லி முடித்தார். நல்ல ஹெல்ம்ஸ்மேனை அந்த நேரத்துக்கென்று ஓய்வு கொடுத்து வைத்திருங்கள். பல மணி நேரப் பயணம், இடையில் ஆள் மாற்றவும் வேண்டும்.

விரிகுடாவுக்குள் கால்வாயை 700 அடியாக அகலப்படுத்தும் பணி 2022இல் தொடங்கியது.

கரை சேர்ந்ததும் குடிவரவு அதிகாரிகள் ஏறுவார்கள். சி1/டி விசா (கப்பல் பணியாளர்களுக்கான அமெரிக்க விசா) இல்லாதவர்களைக் கரைக்கு விட மாட்டார்கள். கப்பலில் சேரும் முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.