விளிம்பில் இருந்த எண்

தாத்தாவின் பதக்கம் கறுத்துக் கிடந்தது. மெருகு போடுவதற்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் விளிம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். “சுற்றிலும் எழுத்து இருக்கிறது. மெருகு போட்டால் தேய்ந்துவிடும். முதலில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது.

ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம், போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக என்று ஆங்கிலத்தில். விளிம்பில் படை எண், பதவி, பெயர், மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் பெயர். அது மிலிட்டரி மெடல். பிரிட்டிஷ் அரசு 1916இல் அதிகாரி அல்லாத படைவீரர்களுக்கென்றே ஏற்படுத்தியது.

எதற்காகக் கொடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. இத்தாலி, குளிர் என்பதற்கு மேல் தாத்தா எதையும் சொன்னதில்லை. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். புத்தகம் இல்லாமல் மனுவையே வாங்க மாட்டோம் என்றார்கள். புத்தகம் கையில் இருந்தால் அங்கே ஏன் போகப் போகிறேன்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடினேன். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெயரைக் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. நம் ஊர்ப் பெயர்களை அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். 1944ஆம் ஆண்டுப் பட்டியல்களைப் பல இரவுகள் புரட்டி, விளிம்பில் இருந்த எண்ணை வைத்தே பிடித்தேன். தேடப் போகிறவர்கள் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

கெஜட்டில் எண்ணும் பெயரும் இருந்தனவே தவிர, காரணம் இல்லை. அது, பதக்கம் கொடுக்கச் சொல்லி மேலதிகாரி எழுதிய பரிந்துரையில் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலப் பரிந்துரைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 373 (WO 373) என்ற தொகுப்பில் இருக்கின்றன. சிறு கட்டணம் செலுத்தித் தரவிறக்கினேன்.

தட்டச்சு செய்த ஒரே ஒரு பக்கம். இத்தாலியின் காசினோ ஊர் அருகே, 1944 பிப்ரவரி இரவு. குண்டுமழைக்கு நடுவே துப்பாக்கிக் கத்தியின் முனையால் மண்ணைக் குத்திக் குத்திக் கண்ணிவெடிகளைத் தேடி, வெள்ளை நாடா விரித்து வழி அமைத்திருக்கிறார். கூட இருந்தவர் அடிபட்டு விழுந்த பிறகும் தனியாகத் தொடர்ந்திருக்கிறார். அதே மாதம் 24ஆம் தேதிதான் அதே படையின் சுபேதார் சுப்பிரமணியம், தோழர்களைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிரைக் கொடுத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது வழங்கப்பட்டது. தாத்தா எந்த மண்ணில் மண்டியிட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஏறினேன். நாகலூரில் இருக்கும் அத்தைக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“காப்பித் தோட்டத்தில் எங்களை முன்னால் நடக்கவே விட மாட்டார், கண்ணு. கம்பால் தரையைக் குத்திக்கொண்டே அவர்தான் முதலில் போவார். பாம்புக்காக என்று நினைத்திருந்தோம்.”

மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.