பன்னிச் சாணியோட போராடின 24 நாள்

பன்னி தின்ன தீவனத்துல எவ்வளவு புரதம் ஜீரணமாகுதுன்னு பாக்குற ஜீரண சோதனைய போன வாரம்தான் ரெண்டாவது தடவையா முடிச்சேன். முத தடவ பண்ணின 12 நாள் வேலையும் வீணாப் போச்சு, அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. கால்நடை ஊட்டச்சத்துல எம்.வி.எஸ்சி. பண்றவங்க யாராச்சும் அடுத்து இதுல இறங்கப் போறீங்கன்னா ஒருதடவ படிச்சிட்டுப் போங்க.

கணக்கு உங்களுக்கே தெரியும். நாளைக்கு 1.5 கிலோ தீவனம், 18% புரதம்னா 270 கிராம் உள்ள போகுது, சாணில 54 கிராம் வெளிய வந்தா 80% ஜீரணம். கூண்டுல பழக்க 7 நாள், சாணி சேகரிக்க 5 நாள், ரெண்டும் பிரச்சினை இல்லாமத்தான் போச்சு.

லேபுல உக்காந்தப்பதான் இடி. நாலு பன்னில மூணு 80% பக்கத்துல வருது, மூணாம் நம்பர் மட்டும் 64%. கெல்டால் (நைட்ரஜன அளந்து புரதத்தக் கணக்குப் போடுற முறை) தப்புன்னு நெனச்சு புது பிளாங்க் (மாதிரி போடாம ஓட்டுறது) வெச்சு, ஆசிட் நார்மாலிட்டிய, அதாவது அதோட செறிவ, மறுபடி பாத்து, மூணு தடவ ஓட்டினேன், அதே நம்பர். கடைசில பண்ணைல வேல பாக்குற அண்ணன்தான் சொன்னாரு, "தம்பி, அது மூக்கால தீவனத்த நெம்பி நெம்பித் தள்ளும், நீங்க பாக்கலயா?" ஓடிப்போய் கூண்டுக்கு அடில குனிஞ்சு பாத்தா வலைக்குக் கீழ இருக்குற தட்டுல காஞ்ச சாணியோட மஞ்ச மஞ்சளா மக்காச்சோள நொய் ஒட்டிக் கெடக்கு. 100 கிராம் தீவனம் சிந்தினாலே 18 கிராம் புரதம் சாணிக் கணக்குல ஏறிடும், பன்னி வாயிலயே வெக்காதது! இருக்கறதே நாலு பன்னி, ஒண்ண விட முடியாது, முழுசா திரும்பப் பண்ணுன்னு கைடு சொல்லிட்டாங்க.

திரும்பவும் சல்ஃப்யூரிக் ஆசிட் வாங்க ஸ்டோருக்கு மூணு நடை. முத நாள் இன்டென்ட்ல (பொருள் கேக்குற படிவம்) கையெழுத்து எடம் மாறிடுச்சாம், ரெண்டாம் நாள் ஆளே இல்ல. அதனால ஆசிட், பாட்டில் எல்லாத்தையும் பன்னிய கூண்டுல ஏத்துறதுக்கு முன்னாடியே கைல வாங்கி வெச்சிருங்க.

இந்த தடவ தீவனத்துக்கு சம எடை தண்ணி ஊத்திப் பெசஞ்சு வெச்சேன், சிந்துறது பாதிக்கு மேல கொறஞ்சுது. தொட்டிக்கு அடில தனித்தட்டு வெச்சு, விழுந்தது, மிச்சம் விட்டது எல்லாத்தையும் காயவெச்சு எடை போட்டுக் கழிச்சேன். சாணிய ஓவன்ல காயவெச்சு அதுல நைட்ரஜன் பாக்காதீங்க, அம்மோனியா கொஞ்சம் பறந்துடும், ஈரச் சாணில ஒரு பங்கு எடுத்து நீர்த்த ஆசிட்ல போட்டு வெச்சுக்கோங்க. ஆண் பன்னியாவே கேட்டு வாங்குங்க, பொட்டைன்னா மூத்திரம் சாணில கலந்துடும், அப்புறம் எந்த நைட்ரஜன் எதோடதுன்னே பிரிக்க முடியாது.

இப்ப மூணாம் நம்பர் 79%! அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன்.

இன்னொண்ணு, சிறுகுடல்ல ஜீரணமாகாத புரதத்த பெருங்குடல் பாக்டீரியா உடைச்சு அம்மோனியாவாக்கிடும், அது ரத்தத்துல சேந்தாலும் பெரும்பாலும் யூரியாவா மூத்திரத்துல போயிடும், சதையாகாது. ஆனா சாணில அது கொறையறதால ஜீரணமானதாவே கணக்காகும். சிறுகுடல் முடியிற எடத்துல டி வடிவக் குழாய் பொருத்தினாதான் நெசமான அமினோ அமில அளவு கெடைக்கும், அதுக்கு ஆபரேஷன் வேணும், எங்களுக்கு வசதி இல்ல. அதனால தீசிஸ்ல வெறும் ஜீரணத்திறன்னு போடாம, சாணிய வெச்சு அளந்ததுன்னு தெளிவா எழுதிடுங்க, வைவால மொத கேள்வியே அங்கதான் வரும்.