மாலை போட்டால் நிற்கிறது, கழற்றினால் ஏன் திரும்ப வருகிறது?

ஐப்பசி முடியப்போகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எந்தத் தெருவிலும் கருப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஆட்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் முந்தின நாள்வரை தினமும் குடித்தவர்கள். விரதம் முடியும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார்கள், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்று ராத்திரியே பழையபடி ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துத்தான் வீட்டில் சொல்கிறார்கள்: "சாமிக்குன்னா நிறுத்த முடியுதுல்ல, எங்களுக்காக முடியாதா? எல்லாம் கொழுப்பு."

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு தப்பு.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிதான் சரி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் டோபமைனைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்து பார்த்தார். நாக்கில் இனிப்பு பட்டால் அவை வழக்கம்போல ரசித்து நக்கின, ஆனால் தானாகப் போய்ச் சாப்பிடவே இல்லை, எதிரே தீனி இருந்தும். அதாவது ரசிப்பது வேறு, வேண்டும் வேண்டும் என்று இழுப்பது வேறு. டோபமைனின் முக்கிய வேலை அந்த இழுப்பு. பல வருடம் குடித்தவருக்கு ரசிப்பு தேய்ந்துபோயிருக்கும், இழுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். "எனக்கே பிடிக்கலைடா, ஆனா கால் தானா போகுது" என்று ஒருவர் சொன்னால் நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நரம்புகளைக் கவனித்தார். முதலில் சாறு வாயில் விழும்போது அவை துடித்தன. ஒவ்வொரு தடவையும் சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், விளக்கைப் பார்த்தவுடனே துடித்தன, சாறுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போய்விடும்.

நம் ஊரில் அந்த விளக்கு எது என்று யோசித்துப் பாருங்கள். கையில் விழுந்த கூலி, சாயங்காலம் ஆறு மணி, மூட்டை தூக்கி வலிக்கிற தோள், "வாடா, கட்டிங் போடலாம்" என்று கூப்பிடும் அதே கூட்டாளி, வீட்டுக்குப் போகிற வழியிலேயே இருக்கும் டாஸ்மாக். பாட்டிலைத் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே மூளையில் வேலை ஆரம்பித்துவிடுகிறது.

மாலை போட்டதும் இதில் ஏறக்குறைய எல்லாமே ஒரே நாளில் மாறுகிறது. விடியற்காலைக் குளியல், வேறு உடை, சாயங்காலம் பஜனை, குருசாமியின் கண்காணிப்பு, ஊரே "சாமி" என்று கூப்பிடுவது. பழைய கூட்டாளியே அந்த நாட்களில் கூப்பிட மாட்டார். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை, பக்தி இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்றுதான் சொல்கிறேன்.

வியட்நாம் போரில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து விசாரித்தபோது, அப்படி அடிமையானவர்களில் முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஹெராயினை நினைவுபடுத்திய இடமும் ஆட்களும் கடல் தாண்டி அங்கேயே நின்றுவிட்டன. நம் ஆட்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. மகரஜோதி பார்த்துவிட்டுத் தை மாதம் வந்து இறங்கினால் சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டை வேலை, கையில் காசு, பக்கத்தில் அதே கூட்டாளி. விட்ட இடத்துக்கே, அதுவும் பணம் புழங்குகிற நேரத்தில் திரும்புகிறார்கள்.

அதனால் குடும்பம் தயாராக வேண்டிய நாள் மாலை கழற்றும் நாள். அவரையும் உட்காரவைத்துப் பேசி, கூலியை மனைவியின் கணக்குக்கு வரும்படி செய்ய முடியுமா, சாயங்கால பஜனையைத் தொடர முடியுமா, வேறு வழியாக வீட்டுக்கு வர முடியுமா என்று மார்கழியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் மாதிரி மாத்திரைகளும் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பொடிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

இதைவிட அவசரமான விஷயம், கார்த்திகை ஒன்றாம் தேதி திடீரென்று நிறுத்துவது. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் இருப்பவர் அப்படி நிறுத்தக் கூடாது. மது மூளையை அமுக்கி வைக்கிறது, அதை ஈடுகட்ட மூளை எதிர்த்திசையில் முடுக்கிக்கொண்டே இருக்கும், அமுக்குவது சட்டென்று போனால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், ஆள் குழம்பிப்போகலாம், உயிரே போகலாம். விரதத்தில் ஏதோ குறை, சாமி குத்தம் என்று பூசாரியைத் தேடி ஓடாதீர்கள். மாலை போடுவதற்குச் சில நாள் முன்பே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.