மூக்குச் சதை, மறுபடியும்

இரண்டாவது முறையாக மூக்கில் சதை எடுத்தாயிற்று. எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாகவே விட்டுச் செய்வதால் முகத்தில் தழும்பு எதுவும் இல்லை. "முன்னாடியே எடுத்தாச்சே, எப்படித் திரும்ப வளர்ந்தது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன். சைனஸ் சவ்வில் இருக்கும் அழற்சிதான் மூலமாம். ஆபரேஷன் சதையை எடுக்கும், அழற்சியை எடுக்காது. எனக்கு ஆஸ்துமாவும் உண்டு, ஆஸ்பிரினும் ஒத்துக்கொள்ளாது. இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

போன தடவை மூச்சு நன்றாக வந்ததுமே ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்திவிட்டேன். மகா தப்பு. இந்த முறை மருந்து உள்ளே போய்ச் சேர, சைனஸ் வாசல்களை அகலமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தினமும் உப்புநீரால் கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீரை அப்படியே விடக்கூடாது. வாஷ்பேசினில் குனிந்து ஒரு பக்கம் பீச்சினால், மறுபக்கம் காய்ந்த ரத்தக்கட்டி வந்து விழும். பார்க்கச் சகிக்காது. ஆனால் அப்புறம் இழுக்கும் மூச்சு இருக்கிறதே!

மறுபடி வந்தால், அந்த அழற்சியையே அடக்கும் டுபிலுமாப் என்ற ஊசி மருந்து இருக்கிறது என்கிறார் டாக்டர். சரி, அது அப்போது.

இன்று காலை சோப்பு வாசனை தெரிந்தது. நாலு வருடமாகத் தெரியாத வாசனை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.