கினி பிக் வளர்ப்பு: முதல் சில வாரங்களும் ஓர் எடை மெஷினும்

வளர்க்க முடியவில்லை என்று ஒரு குடும்பம் கொடுத்த இரண்டு கினி பிக்குகள் (சின்னக் கொறிவிலங்குகள்) எங்களிடம் வந்தன. கறுப்பாக இருப்பது மிளகு. வெள்ளையும் பழுப்புமாக இருப்பது பஞ்சு. கூடவே ஒரு சின்னக் கம்பிக் கூண்டு, பாதி தீர்ந்த பெல்லட் (உருண்டைத் தீவனம்) பை, ஓடுவதற்கு ஒரு சக்கரம்.

சக்கரத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டோம். ஹாம்ஸ்டருக்கு அது சரி. கினி பிக்கின் முதுகெலும்புக்கு ஆகாது. கூண்டும் உதவாது. இவை ஏறிக் குதிக்கிற ரகமில்லை, தரையில் ஓடுகிற ரகம். அதனால் உயரம் எவ்வளவு இருந்தும் பயனில்லை, தரையளவுதான் கணக்கு. இரண்டு பேருக்கு ஏழெட்டுச் சதுர அடியாவது வேண்டும். கம்பித் தரையில் நிற்க விட்டால் உள்ளங்கால் புண்ணாகும். எனவே வலைத் தட்டிகளை இணைத்து ஒரு வேலி கட்டி, அடியில் ஈரம் உறிஞ்சும் துணி, மேலே ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற துணி விரித்தோம். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் இருந்தால் ஒன்று உள்ளே மறித்துக்கொண்டு மற்றதை வெளியே வரவிடாது.

பிறகு எதுவும் நடக்கவில்லை. பெட்டிக்குள் போனவை வெளியே வரவே இல்லை. என் மகளுக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்சத்தானே வாங்கினோம் என்றாள். ஆனால் இவை இரையாகப் பிழைத்து வந்த இனம். மேலிருந்து ஒரு கை இறங்கினால் அதற்குப் பருந்துதான். உடம்பு சரியில்லாததையும் அதே காரணத்தால் மறைக்கும். இளைத்துத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு நம் வேலை கொஞ்சுவது இல்லை என்று முடிவு செய்தேன். உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, எடை எவ்வளவு, இந்த மூன்றை மட்டும் பார்ப்பது.

உள்ளே போக வேண்டியது பெரும்பாலும் காய்ந்த புல். டிமோதி புல் மாதிரி ஒன்று எந்நேரமும் கிடைக்க வேண்டும். சாப்பாட்டில் 80 சதவீதம் அதுதான். இதன் 20 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடலும் ஓயாமல் இயங்க வேண்டும். அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரைக் கூப்பிட வேண்டிய விஷயம். ஆல்ஃபால்ஃபா (குதிரை மசால்) தழையில் கால்சியம் அதிகம். குட்டிக்கும் சினைக்கும் மட்டும் போதும். வளர்ந்ததுக்குத் தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் கட்டலாம்.

இன்னொன்று வைட்டமின் சி. நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வெளியிலிருந்து வர வேண்டும். பெல்லட்டில் சேர்த்திருப்பார்கள், ஆனால் தயாரித்து மூன்று மாதம் போனால் அதை நம்ப முடியாது. தண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலப்பது எனக்குப் பிடிக்காத யோசனை: சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறித் தண்ணீரையே குடிக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. தினம் ஒரு துண்டு சிவப்புக் குடைமிளகாய் வைத்தோம். பழைய பெல்லட்டை ஒரேயடியாக நிறுத்தவில்லை. தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும் என்பதால் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம்.

எடை மெஷின் சமையலறையில் இருப்பதுதான். மேலே ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு கொத்தமல்லித் தழை, தினமும் ஒரே நேரம். மிளகின் எடை லேசாக ஏறியது. பஞ்சு 910 கிராமிலிருந்து 880, பிறகு 840 என்று இறங்கினாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த முடிக்கட்டுக்குள் எழுபது கிராம் குறைந்தது எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. குடைமிளகாய் வைத்ததும் மிளகுக்கு முன்னால் ஓடி வந்தது பஞ்சுதான். வாயில் எடுத்தாள், தாடையை இரண்டு முறை பக்கவாட்டில் அசைத்தாள், கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். மோவாய் முடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது. புழுக்கைகள் ஒரே அளவில் இல்லாமல் சின்னதும் கோணலுமாக இருந்தன. பசி இல்லாதது ஓடி வராது. இவளுக்குப் பசி இருந்தது, மெல்லத்தான் முடியவில்லை.

முதலில் போன கிளினிக்கில் நாய், பூனைதான் பார்ப்பார்கள். முன்பற்களைப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள், வாய்வழி அமாக்ஸிசிலின் எழுதினார்கள். அந்த மருந்தை நான் கொடுக்கவில்லை. இந்த மாதிரி பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். சின்ன விலங்குகளை வழக்கமாகப் பார்க்கும் வேறொரு டாக்டரைத் தேடிப் போனோம். தனியாகப் போனால் பயப்படும் என்று மிளகையும் அதே பெட்டியில் கூட்டிப்போனோம். (இரண்டுமே பெண்தான் என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொண்டோம். ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சொல்லிக் கொடுப்பது சகஜம். இரண்டு மாதம் கழித்து, கண் திறந்து முடியோடு குட்டிகள் பிறந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும்.)

கருவி வைத்து உள்ளே பார்த்தார் டாக்டர். கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் சாய்ந்து வளர்ந்திருந்தன. புல் குறைவாகத் தின்றதில் வந்திருக்கலாம் என்றார். மயக்கம் கொடுத்துத் தேய்க்க வேண்டும். “பட்டினி போட்டுக் கூட்டி வராதீங்க. இதால வாந்தி எடுக்க முடியாது, வயிறு காலியா இருந்தா அதுதான் பிரச்சினை” என்றார்.

பற்களைத் தேய்த்த பிறகு சில நாள் ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்ட வேண்டியிருந்தது. வலி மருந்தும் கூடவே. ஊட்டுவது பழகப் பழக வரும். துண்டில் சுற்றி மடியில் வைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் புரையேறும். அரை மில்லி விட்டு, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த அரை மில்லி. டாக்டர் கொடுத்த தீவனப் பொடியைக் கெட்டியாகக் கரைத்தால் சிரிஞ்ச் அடைக்கும், நீர்த்துப்போனால் வயிறு நிறையாது. இரவிலும் அலாரம் வைத்து எழுந்தோம். பஞ்சு பாதியைத் துப்பினாள், கொஞ்சம் என் சட்டையில். ஒரு விடியற்காலை சிரிஞ்சைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒற்றைப் புல்லை இழுத்து முழுசாக மென்றாள். எடை ஏறத் தொடங்கியதும் சிரிஞ்சைக் குறைத்தோம்.

இப்போது வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும் என்கிறார் டாக்டர். பல்லைப் பார்க்க இடையிடையே போக வேண்டும், ஒருமுறை இப்படி ஆனது திரும்பவும் வரலாம். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தத்துக்கு இரண்டும் ‘வீக் வீக்’ என்று வீட்டையே எழுப்புகின்றன, மகள் மடியில் உட்கார்ந்து தின்கின்றன. தீராத வழக்கு நகம் வெட்டுவதுதான். பஞ்சுவின் வெளிர் நகத்தில் ரத்த ஓட்டம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மிளகின் கறுப்பு நகத்துக்கு அடியில் டார்ச் பிடித்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது, அதற்கு மூன்றாவது கை ஒன்று வேண்டியிருக்கிறது.