ஃபார்முலா 4: ஒரே வண்டி, மூன்று விதமான தரை

இளம் ஓட்டுநர்களுக்கான கார் பந்தயமான இந்திய ஃபார்முலா 4-ல் எல்லாருக்கும் ஒரே வண்டிதான். மிகால் எம்21 சேசிஸ் (வண்டியின் உடற்கூடு), 1.3 லிட்டர் ஆல்பின் டர்போ இன்ஜின், ஒரே டயர். இன்ஜினுக்குள் யாரும் கை வைக்க முடியாது. அப்புறம் வண்டியைத் தயார் செய்யும் பிட்டில் இத்தனை பேருக்கு என்ன வேலை? பாதி வேலை டயருக்குள் இருக்கும் காற்று. மீதியில் பெரும்பகுதி, கார்ட் எனும் குட்டி வண்டிப் பந்தயமான கார்ட்டிங்கிலிருந்து நேராக வந்து உட்காரும் பதினைந்து வயதுப் பையன் சொல்வதைப் புரிந்துகொள்வது.

2024 சீசனில் தரை மூன்று விதம்: இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் ட்ராக், தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் தெருப் பாதை, கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே. ஓர் இடத்தில் எடுத்த காற்றுக் கணக்கை அப்படியே இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் முதல் செஷன் வீண்.

சூடான டயரில் 21 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். இருங்காட்டுக்கோட்டையில் ஆகஸ்ட் மதியம் 35 டிகிரியில் 16 வைத்து அனுப்பினால், டயர் 85 டிகிரியைத் தொடும்போது 21 வந்துவிடும். தீவுத்திடலில் ஓட்டம் இரவில். வெயில் இல்லை, நின்று திரும்பும் வளைவுகள் அதிகம், டயரை நீண்ட நேரம் அழுத்திச் சூடேற்றும் வளைவுகள் குறைவு. காற்று 70 டிகிரியோடு நின்றுவிட்டால், தொடக்கத்திலேயே 17-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். 16-லேயே விட்டால் பந்தயம் முடியும்வரை 20-ஐத் தாண்டாது. பையன் முன்பக்கம் வழுக்குகிறது என்பான். உடனே யாராவது முன்பக்க இறக்கையான விங்கைத் திருப்பப் போவார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பம்.

இடத்தைவிட அதிகமாக ஏமாற்றுவது பிட்டில் விழும் வெயில். இரண்டு டயர் நிழலில், இரண்டு வெயிலில் கிடக்கும். நான்கிலும் ஒரே அளவு வைத்தாயிற்று என்று கேஜைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வோம். வெயிலில் கிடந்த ஜோடி 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்திருந்தால், ஓடும்போது அது 1 பிஎஸ்ஐ குறைவாகவே நிற்கும். வண்டி ஒரு பக்கம் ஒழுங்காகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது. டயர்களைத் துணி போட்டு மூடி, ரப்பரைத் தொட்டு வெப்பமானியில் பார்த்து, நான்கும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளப்பதே சரி. சென்னைக் காற்றில் ஈரம் வேறு. கம்ப்ரஸரில் டிரையர் இல்லாவிட்டால் அந்த ஈரம் ஆவியாகி அழுத்தத்தைக் கணக்குக்கு மேல் ஏற்றும். அதனால்தான் டயரில் ஈரமில்லாத நைட்ரஜன். சும்மா பந்தாவுக்கு இல்லை.

அடுத்தது பையன். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, பிரேக் பெரும்பாலும் பின்னால் மட்டும். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பி, உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கித்தான் வளைவில் திரும்ப வேண்டும். அதே பழக்கத்தோடு இதில் வெடுக்கினால் முன்டயர் பிடிப்பை விட்டுவிடும். "அண்ணா, வண்டி திரும்பவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பான். அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எப்ப தம்பி? பிரேக்கை விடும்போதா, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதா?" பதில் பெரும்பாலும் "எல்லா இடத்திலயும்" என்றே வரும். டேட்டாவைத் திறந்தால் கதை வேறு. வேகம் அதிகமாக இருக்கும் முதல் நொடியில் விங் வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பிரேக்கின் முழு அழுத்தமும் அப்போதே வந்து, பிறகு சரிவாக இறங்க வேண்டும். புதிதாக வருபவர்களின் கிராஃபில் அழுத்தம் மெல்ல ஏறி, வளைவுக்குள் நுழையும்போது உச்சம் தொடும். அந்த நேரத்தில் முன்டயர் பிரேக் பிடிக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எந்த டயரும் முடியாது என்றுதான் சொல்லும். வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பையனைத் திரைக்கு முன் உட்காரவைத்து, வேகமான ஓட்டுநரின் கிராஃப் கோட்டை அவன் கோட்டின் மேல் போட்டுக் காட்டினால் அடுத்த செஷனிலேயே பாதி சரியாகும். முழுதும் சரியாகப் பாதி சீசன் ஆகும். செட்டப்பைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு செஷனுக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

தெருப் பாதையில் இன்னொரு தொல்லை சுவர். லேசாக உரசினாலே, சக்கரம் பார்க்கும் திசையைப் பிடித்துவைக்கும் கம்பியான டோ லிங்க் வளைந்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, ஆனால் நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் விஷ்போன், புஷ்ராட், டோ லிங்க் மூன்றையும் வண்டியில் இருப்பதன் நீளத்துக்கே அளந்து முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தால், மாட்டிய பின் வண்டியின் பக்கவாட்டில் நூல் கட்டிச் சக்கரம் நேராக நிற்கிறதா என்று சரிபார்த்து அனுப்பிவிடலாம். அளக்காமல் பெட்டியில் போட்டு வைத்த ஸ்பேர் அவசரத்துக்கு உதவாது.

அக்டோபர், நவம்பர் வந்தால் வடகிழக்குப் பருவமழை. மழை டயர் மாட்டினால் மட்டும் போதாது. ரைடு ஹைட்டை, அதாவது தரையிலிருந்து வண்டியின் உயரத்தை, சில மில்லிமீட்டர் தூக்கி, ஆன்டி-ரோல் பாரைத் தளர்த்தி, விங்கை ஏற்ற வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பிரேக் பயாஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பலத்தைப் பங்கிடும் அளவு. ஈரத்தில் மெதுவாகத்தான் வேகம் குறையும், எடை அவ்வளவாக முன்னால் சாயாது. காய்ந்த தரைக்கு வைத்த பயாஸிலேயே விட்டால் முன்சக்கரம் முதல் வளைவிலேயே பூட்டிக்கொள்ளும். பயாஸ் திருகை இரண்டு மூன்று திருகு பின்பக்கம் தள்ளி வைத்து, அதை ஓட்டுநரிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் வண்டியைப் பந்தயம் தொடங்கும் வரிசையான கிரிடுக்கு அனுப்ப வேண்டும்.