வரிச்சீட்டில் ஒரு தனி வரி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் நாங்கள் வீடு வாங்கியபோது வந்த முதல் சொத்து வரிச்சீட்டில், வீட்டு வரிக்குக் கீழே தனியாக "சி.பி.ஏ." என்று குறித்து ஒரு சிறு தொகை அச்சிடப்பட்டிருந்தது. அது என்னவென்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், மறுநாள் காலை என்னை ஊருக்கு மேற்கே உள்ள ஒரு காட்டுப் பாதைக்கு அழைத்துச் சென்றார். மனைகளாகப் பிரித்து விற்கப்பட இருந்த அந்த நிலத்தை ஊரே வாங்கிவிட்டது என்றும், அதற்கான பணம் அந்தத் தனி வரியிலிருந்து வந்தது என்றும் நடந்துகொண்டே சொன்னார். வரியாகக் கட்டிய பணத்தைக் காலால் மிதித்து நடந்து பார்த்தது எனக்கு அன்றுதான் முதன்முறை.

சி.பி.ஏ. என்பது 'கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட்', அதாவது ஊரின் வளங்களைப் பேணிக் காப்பதற்கான மாநிலச் சட்டம். 2000 செப்டம்பரில் அன்றைய ஆளுநர் பால் செலூச்சி அதில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே அதே மாநிலத்தின் நான்டக்கெட் தீவு 1983-இலும் மார்த்தாஸ் வின்யார்டு தீவு 1986-இலும், நிலம் கைமாறும்போது விலையில் 2 விழுக்காட்டைக் கட்டணமாகப் பெற்று, அதைக் கொண்டு கடற்கரையையும் புல்வெளியையும் பொதுவுக்கு வாங்கும் நில வங்கிகளை அமைத்திருந்தன. புதிய சட்டம் வேறு வழியில் சென்றது. ஓர் ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால், சொத்து வரியின் மீது அதிகபட்சம் 3 விழுக்காடு வரை மேல்வரி விதித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்துக் கட்டியவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும்.

கணக்கு பெரிதல்ல. 7,00,000 டாலர் மதிப்புள்ள வீடு, ஆயிரத்துக்கு 12 டாலர் வரி என்று வைத்துக்கொள்வோம். பல ஊர்கள் முதல் 1,00,000 டாலர் மதிப்புக்கு விலக்கு அளிக்கின்றன. மீதி 6,00,000-க்கு வரி 7,200 டாலர், 1.5 விழுக்காடு மேல்வரி என்றால் ஆண்டுக்கு 108 டாலர். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கும், நடுத்தர வருமானம் வரையுள்ள முதியவர்களுக்கும் முழு விலக்கு தரவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதற்கு மேல், மாநிலம் முழுவதிலும் பத்திரப் பதிவின்போது வசூலிக்கப்படும் ஒரு கட்டணத்திலிருந்து, மேல்வரி விதித்த ஊர்களுக்கு மாநில அரசு தன் பங்கைத் தருகிறது.

இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. ஆண்டு வருவாயில் குறைந்தது 10 விழுக்காடு திறந்தவெளி நிலத்துக்கு, 10 விழுக்காடு வரலாற்றுச் சின்னங்களுக்கு, 10 விழுக்காடு எளியோர் வாங்கவோ வாடகைக்குப் பெறவோ கூடிய வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். எஞ்சிய தொகையை இந்த மூன்றில் எதற்கும், பொது விளையாட்டு இடங்களுக்கும், ஊர் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம். சாதாரணமாக இந்த மூன்று தரப்பினரும் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்ப்பவர்கள். காட்டைக் காப்பவருக்குப் புதிய வீடுகள் பிடிக்காது; வீடு கட்ட நினைப்பவருக்குப் பழைய கட்டட விதிகள் முட்டுக்கட்டையாகத் தெரியும். சட்டம் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு ஆணையம், வரலாற்று ஆணையம், திட்டமிடல் குழு, பூங்கா நிர்வாகம், வீட்டு வசதி வாரியம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இடம்பெறும், ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட குழுவே எந்த மனுவுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கிறது. ஊர் வாக்காளர்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம் அந்தத் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது.

எங்கள் ஊர்க் குழுவின் கூட்டம் ஒன்றில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். முதல் மனு பழைய இடுகாட்டுக் கற்களைப் பற்றியது. இறக்கை முளைத்த மண்டையோடு செதுக்கிய அந்தக் கருஞ்சாம்பல் பலகைக் கற்கள், குளிர்காலத்தில் ஈரம் உறைந்து விரிவதால் ஏடு ஏடாகப் பிரிந்து உதிர்கின்றன. மனு கொடுத்தவர் அப்படி உதிர்ந்த ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அதில் ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. கற்களைச் சீரமைக்கப் பணம் தரலாம், ஆனால் இடுகாட்டுப் புல்லை வெட்டத் தர முடியாது, ஏனெனில் அன்றாடப் பராமரிப்புக்கு இந்த நிதியைத் தொடக் கூடாது என்று குழுத் தலைவர் விளக்கினார். அடுத்த மனு, மூடிக் கிடக்கும் ஒரு பள்ளிக் கட்டடத்தை வாடகை வீடுகளாக மாற்றுவது பற்றியது. கற்களுக்காக வந்தவரே எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். பழைய செங்கல் சுவர் நிற்கும், அதற்குள் குடும்பங்களும் இருக்கும் என்றால் தனக்கு இரட்டை மகிழ்ச்சி என்றார். தனித்தனி நிதியாக இருந்திருந்தால் அவர் அந்த மனுவைப் படித்துக்கூட இருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லைகளும் உண்டு. ஆக்டன் என்னும் ஊர் ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைச் சீரமைக்க 51,237 டாலரும், அதன் கட்டடங்களுக்கான பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க 49,500 டாலரும் ஒதுக்கியது. ஊர்க்காரர் சிலர் வழக்குத் தொடுத்தனர். சமய அமைப்புகளுக்குப் பொதுப் பணம் தருவதைத் தடுக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டு, 2018 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் சன்னல்களுக்கான தொகையைத் தடுத்தது. திட்டத்துக்கான தொகையை மேலும் ஆராயக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பழைய கட்டடங்கள் மீது எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், அந்தத் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். வழிபாட்டுக்குரிய சித்திரத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு அங்கே வழிபடுவோருடையது.

என் மனக்குறை வேறு இரண்டு. முதலாவது, மாநிலத்தின் பங்கு. தொடக்க ஆண்டுகளில் ஊர் திரட்டிய ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் ஒரு டாலர் தந்தது. ஊர்கள் கூடக் கூட அந்தப் பங்கு கரைந்து, 2017-இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2001-இல் மறுத்த பாஸ்டன் நகரமும் 2016-இல் 1 விழுக்காடு மேல்வரியோடு உள்ளே வந்தது; பங்கு கேட்போர் மேலும் பெருகினர். 2019-இன் இறுதியில் பெரும்பாலான பத்திரங்களுக்கான கட்டணத்தை 20 டாலரிலிருந்து 50 டாலராக உயர்த்திய பிறகே நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் இந்தக் கட்டணத்தை மாநிலத்தில் வீடு வாங்கும் எல்லோரும் கட்டுகிறார்கள். பயன் மேல்வரி விதித்த ஊர்களுக்கு மட்டும் போகிறது. கூடுதல் வரி கட்டும் நிலையில் இல்லாத ஏழை நகரங்களின் பணம் வசதியான ஊர்களின் காடுகளுக்குப் போவது எனக்கு உறுத்துகிறது. 1 விழுக்காடு மட்டும் மேல்வரி விதித்து, மீதியை வேறு வருவாயிலிருந்து சேர்த்துக்கொள்ள நகரங்களுக்கு வழிவிட்ட 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சற்றே சரிசெய்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது, வீடுகள். 10 விழுக்காடு என்பது குறைந்த அளவு. அதையே உச்ச அளவாக நினைக்கும் ஊர்கள் இருக்கின்றன. காட்டை வாங்குவதற்கு எல்லாக் கைகளும் உயர்கின்றன. வீடு என்றதும் போக்குவரத்து நெரிசல், பள்ளியில் இடம் என்று கேள்விகள் கிளம்புகின்றன. அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானம் வரை உள்ளவர்களுக்கு இந்த வீடுகள் உரியவை. அதாவது நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களும், தீயணைப்பு வண்டி ஓட்டுபவர்களும், மருத்துவமனைச் செவிலியர்களும் இதில் அடக்கம். அவர்கள் குடியிருக்க முடியாத ஊரில் எந்தக் காட்டுப் பாதை எவருக்காக இருக்கிறது என்று நான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். என் குரல் நடுங்கியது. எனக்குப் பின் பேசிய பள்ளி உணவுக்கூடப் பணியாளர், காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால்தான் இங்கே வந்து அடுப்பை மூட்ட முடிகிறது என்று மட்டும் சொல்லி அமர்ந்தார்.

பள்ளிக் கட்டட மனு நிறைவேறியது. ஆதரித்து உயர்ந்த வாக்கு அட்டைகள் அவ்வளவு அதிகம் என்பதால், எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. இனி அந்த வீடுகள் சந்தை விலைக்குப் போகாமல் தடுக்கும் நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பத்திரம் எழுதப்படும். அது பதிவாகப் போவது, நாங்கள் வீடு வாங்கியபோது வரிசையில் நின்று கட்டணம் கட்டிய அதே பதிவு அலுவலகத்தில்.